மன்னார் மண்ணை யார் அளக்கிறார்கள்?

சீமெந்துக்கு எதிராகக் கதைப்பது இப்போது கொஞ்சம் பாஷனாகிவிட்டது. மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குச் சரிதான். இதற்கு மாற்றாக, காலடியில் கிடக்கும் மண்ணையே சுவராக்கலாம், எந்த மண்ணோடு எதை எவ்வளவு கலப்பது என்பதை மெஷின் லேர்னிங் சொல்லித்தரும் என்று ஆய்வுகூடங்களிலிருந்து செய்தி வந்துகொண்டிருக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மன்னாரில் இருந்துகொண்டு இந்தச் செய்தியை வாசித்தால் உடனே ஒரு கேள்வி வரும். காலடி மண் என்று சொல்கிறார்களே, அது யாருடைய காலடி?

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். கொங்கிறீற் கட்டியை உடைத்துப் பார்க்கிற படிப்பு எங்களுடையது இல்லை. "உங்களுக்கேன் உந்த வேலை?" என்று பொறியியல் படிக்கிற நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வீடு, காணி, இடப்பெயர்வு, யாருடைய அறிவு அறிவாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் நாங்கள் படிக்கிற பாடங்கள்தான். மெஷின் வேண்டாம் என்று எழுத நாங்கள் வரவில்லை. அது மன்னாருக்கு உண்மையாகவே உதவும். ஆனால் மன்னார் மண் இன்னும் அந்த மெஷினுக்குள் போகவில்லை. எது நல்ல வீடு என்று மன்னார்ச் சனத்திடம் யாரும் கேட்கவும் இல்லை. இந்த இரண்டும் நடக்காமல் வருகிற கலவை, எங்கட தலையில் இறக்கப்படுகிற இன்னொரு திட்டமாகத்தான் இருக்கும்.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தாய்வானைச் சேர்ந்த ஐ-செங் யே என்ற ஆய்வாளர் 1998 இல், கொங்கிறீற்றின் வலிமையைச் செயற்கை நரம்பு வலையமைப்பால் முன்கூட்டிக் கணிக்கலாம் என்று காட்டினார். சீமெந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு, சல்லி எவ்வளவு, வார்த்து எத்தனை நாள் என்று எட்டு விபரங்களைக் கொடுத்தால், உடைக்காமலேயே அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணினி சொல்லும். அவர் பொதுவில் வைத்த 1030 மாதிரிகளின் அட்டவணையை வைத்துத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் பழகுகிறார்கள். 2022 இல் மெட்டா நிறுவனம், அதுதான் எங்கட பேஸ்புக்கின் முதலாளி, அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தன்னுடைய தரவு மையக் கட்டடத்துக்குக் காபன் குறைந்த கொங்கிறீற் கலவையை இதே வழியில் வடிவமைத்தது. நாங்கள் போடுகிற போட்டோக்கள் போய்த் தங்குகிற வீட்டுக்கே இவ்வளவு கவனிப்பு!

இதன் பெரிய இலாபம் நேரமும் காசும். சீமெந்து கலந்த எதையும் வழக்கமாக 28 நாள் வைத்திருந்துதான் உடைத்துப் பார்ப்பார்கள். பத்துக் கலவையில் எது நல்லது என்று தெரிய நூறு கல் அரிந்து, நனைத்து, காத்திருந்து, நொறுக்க வேண்டும். முன்பு உடைத்த கற்களின் கணக்கை மெஷினுக்குக் கொடுத்தால், அடுத்து எந்தக் கலவையைச் சோதித்தால் கூடுதலாக விளங்கும் என்று அது காட்டும். நூறு கல் உடைக்கிற இடத்தில் முப்பதோ நாற்பதோ உடைத்தால் போதும் என்றால், காசில்லாத இடத்துக்குத்தான் அது கூடுதலாக உதவும். அதாவது எங்கட இடத்துக்கு.

பிரச்சினை மண்ணில்தான். கொங்கிறீற்றுக்குப் போகிற பொருட்கள் ஓரளவு தரப்படுத்தப்பட்டவை. தாய்வான் சீமெந்தும் புத்தளம் சீமெந்தும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர். மண் அப்படியில்லை, அரைக் கட்டை தள்ளிப் போனாலே வேறு மண்.

மன்னாரில் இது கண்ணாலேயே தெரியும். தீவு முழுக்க மணல். தாழ்வுபாடு, பேசாலை, தலைமன்னார் என்று எங்கே தோண்டினாலும் மணல்தான், கையில் பிடித்தால் நிற்காது, களி இல்லை, பல இடங்களில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். பாலம் கடந்து பெருநிலத்துக்கு வந்து முருங்கன், நானாட்டான் பக்கம் போனால் கறுத்தக் களி. மழைக்கு ஊதிப் பெருத்து, கோடைக்குக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற மண் அது. நெல்லுக்குத் தங்கம், அத்திவாரத்துக்குச் சனியன். தெற்கே சிலாவத்துறை, முசலிப் பக்கம் இறங்கினால் நிறம் மாறிச் செம்மண் வரும். ஒரே மாவட்டத்தில், பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று மண்.

இனி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இலங்கையில் இந்தத் துறையில் மிக உருப்படியான வேலை அங்கேதான் நடந்திருக்கிறது. அரூஸ், ஹல்வத்துர என்ற இரு ஆய்வாளர்கள் "மண் கொங்கிறீற்" என்ற கல்லை உருவாக்கி, அதன் அளவுகளை 2018 இல் வெளியிட்டார்கள். குறைந்தது 4 சதவீதம் சீமெந்து, 0.425 மில்லிமீற்றருக்குக் குறைந்த நுண்மண் 10 சதவீதத்துக்குள், மணல் 55 முதல் 60, கிரவல் 30 முதல் 35, தண்ணீர் உலர்ந்த கலவையில் 18 முதல் 20 சதவீதம். இயந்திரத்தால் அழுத்தத் தேவையில்லை, கொங்கிறீற் போல ஊற்றிவிடலாம். அழுத்தி எடுக்கிற மண் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற தேசியத் தரம் 2009 இலிருந்தே இருக்கிறது. ஆகவே "மண் கல் என்றால் சும்மா விளையாட்டு" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த அளவுகளை எடுத்துக்கொண்டு மன்னாருக்கு வந்தால் என்ன நடக்கும்? தீவு மணலில் கிரவலும் இல்லை, பிடிப்புக் கொடுக்கும் களியும் இல்லை. முருங்கன் களியில் நுண்மண் 10 சதவீதத்தோடு நிற்காது, அதைப் பலமடங்கு தாண்டும். செம்மண் மட்டும் ஏதோ கிட்ட வரலாம். குறை மொறட்டுவையின் ஆய்வில் இல்லை. அவர்கள் தங்களுக்குக் கிடைத்த மண்ணை அளந்து நேர்மையாக எழுதினார்கள். அந்த எண்களை "இலங்கை மண்ணுக்கான" எண்களாக நினைத்து எங்கட பக்கம் கொண்டுவருகிறவர்களில்தான் குறை. மெஷின் லேர்னிங் செய்கிற பிழையும் அச்சொட்டாக இதே பிழைதான். தான் பார்த்த மாதிரிகளுக்கு நடுவில் இருப்பதை அது நன்றாகக் கணிக்கும். பார்த்தே இராத மண்ணைக் கொடுத்தாலும் "தெரியாது" என்று சொல்லாது. தசம புள்ளி போட்டு ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு குடும்பம் கடன் எடுத்துச் சுவர் எழுப்பும்.

முருங்கன் களிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு, 1990 இல் யுத்தத்தால் மூடப்படும்வரை, சுண்ணக்கல்லோடு சேர்க்கக் களி போனது முருங்கனிலிருந்துதான். அதாவது யாழ்ப்பாணத்துக் கல்வீடுகளுக்குள் மன்னார் மண் ஏற்கெனவே இருக்கிறது, சூளையில் வெந்து, மூட்டையில் கட்டி, விலை போட்டு வந்த மண்ணாக. மன்னார்ச் சனமும் தங்கட மண்ணைச் சீமெந்தாகக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கும்.

அப்படியென்றால் மன்னார் மண்ணை இதுவரை யாருமே வடிவாக அளக்கவில்லையா? அளந்திருக்கிறார்கள். அதுதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம். டைட்டானியம் சாண்ட்ஸ் என்ற அவுஸ்திரேலிய நிறுவனம் தீவில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு மணல் மாதிரி எடுத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்று தன்னுடைய பங்குதாரருக்கு அறிக்கை அறிக்கையாகக் கொடுத்திருக்கிறது. தேடுவது இல்மனைட். வெள்ளை நிறப் பெயின்றுக்குப் போகிற டைட்டானியம் டயொக்சைட்டின் மூலப்பொருள் அது. தீவுச் சனம் இதற்கும் காற்றாலைத் திட்டங்களுக்கும் எதிராக 2025 ஓகஸ்டில் நாள்கணக்காகத் தெருவில் நின்றது எல்லோருக்கும் தெரியும். ஆக, மன்னார் மண்ணைப் பற்றிய மிக விரிவான அட்டவணை, அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போக வந்தவர்களிடம்தான் இருக்கிறது. அதே மண்ணில் வீடு கட்டி இருக்கப்போகிறவர்களிடம் ஓர் அட்டவணையும் இல்லை.

தரவுக்கு அரசியல் இல்லை என்று சொல்கிறவர்கள் இதை எப்படி விளங்கப்படுத்துவார்கள் என்று தெரியவில்லை. ஒரு மண்ணை அளக்கக் காசு வேண்டும். விற்கிறதுக்கு என்றால் அந்தக் காசு வருகிறது, இருக்கிறதுக்கு என்றால் வருவதில்லை.

இன்னொரு வகை அளவையும் இருக்கிறது, எந்த அட்டவணையிலும் ஏறாதது. நானாட்டான் பக்கம் முப்பது வருடமாகக் கட்டட வேலை செய்கிற ஒரு மேசன் அண்ணையிடம், மண் நல்லதோ கூடாதோ என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டோம். சிரித்தார்.

"முதல்ல கையில எடுத்து நனைச்சு உருட்டிப் பாப்பன். உருண்டை இடுப்பு உயரத்தில இருந்து விட்டா உடைஞ்சு மூண்டு நாலு துண்டாப் போகோணும். பொடியாப் போனா மணல் கூட. அப்பிடியே தட்டையா ஒட்டினா களி கூட. பிறகு நாக்கில வைச்சுப் பாப்பன்."

"நாக்கிலயா அண்ணை?"

"பின்ன? உப்பு இருந்தா பூச்சு நிக்காது தம்பி. ரெண்டு மாரியில தோலுரிஞ்ச மாதிரி வரும்."

உப்புப் படிகமாகிச் சுவரின் மேற்பரப்பைத் தள்ளி உரிப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ கட்டுரை இருக்கிறது. அவர் அதை நாக்கால் அளக்கிறார். உருண்டைச் சோதனையும் புதிதில்லை. ஓரோவில்லில் 1989 இல் தொடங்கிய மண் கட்டட நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் முதலில் படிப்பிப்பது இப்படித் தொட்டு, உருட்டி, கழுவிப் பார்க்கிற சோதனைகளைத்தான். கண்ணாடிப் போத்திலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே என்று படியும். அடிமட்டத்தை வைத்து அளந்தால் ஏறத்தாழ விகிதம் கிடைக்கும். ஓரோவில்காரரின் கணக்குப்படி சீமெந்து சேர்க்க ஏற்ற மண்ணில் கிரவல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் அளவில் இருப்பது நல்லது. களி 35 சதவீதம் வரை ஏறினால் சீமெந்தைவிடச் சுண்ணாம்பு பொருந்தும்.

அந்தக் கடைசி வசனத்தை மன்னார் ஆட்கள் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முருங்கன் களிக்குள் இருக்கிற, தண்ணீர் குடித்து ஊதுகிற கனிமத்தைச் சீமெந்து இலேசில் அடக்காது, சுண்ணாம்பு அடக்கும். சுண்ணாம்பு எங்களுக்குப் புதுச் சாமானும் இல்லை. அரிப்பில் கடலுக்குள் இடிந்து விழுந்துகொண்டிருக்கிற அல்லிராணிக் கோட்டை, அதாவது முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 1801 இலிருந்து 1804 வரை கட்டுவித்த மாளிகை, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். இருநூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்றது. அதைத் தின்றது அடியில் இருந்த கரையை அரித்த கடல். சுண்ணாம்பு என்றவுடன் புனிதமாக்கவும் வேண்டாம். அதைச் சுடவும் விறகு வேண்டும், சுடும்போது காபனீரொட்சைட்டு வெளியே வரும், கொஞ்சத்தைத்தான் காய்ந்து இறுகும்போது திருப்பி எடுக்கும். பவளப் பாறையை உடைத்துச் சுடுவது சட்டவிரோதம். எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு சீமெந்து, களியோடு எவ்வளவு மணல் சேர்த்தால் எல்லாவற்றையும் குறைத்துப் பிடிக்கலாம் என்பது மனிதத் தலைக்குக் குழப்பமான கணக்கு. மெஷினுக்கு ஏற்ற கணக்கு இதுதான். இங்கே அது வரட்டும், நாங்கள் கைதட்டுவோம்.

ஆனால் "எல்லாவற்றையும் குறைத்து" என்றால் எவற்றை? மெஷினுக்கு ஓர் இலக்குச் சொல்ல வேண்டும். வலிமையைக் கூட்டு என்றால் கூட்டும். காபனைக் குறை என்றால் குறைக்கும். கேட்காததைத் தராது.

2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்று ஒரு திட்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆர்செலர்மிட்டல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனம், ஒரு வீடு 21 இலட்சம் ரூபாவுக்கு மேல். அத்திவாரம் எப்படி, இந்த வெயிலில் உள்ளே எப்படி இருப்பது, எத்தனை வருடம் நிற்கும் என்றெல்லாம் கேள்வி வந்தது. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், மேசனுக்கும் தச்சனுக்கும் ஊரிலேயே வேலை கிடைக்கும் என்று ஊரவர்களும் புத்திஜீவிகளும் எதிர்த்தார்கள். கடைசியில் கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் கெட்ட கணக்கு ஒன்றும் இல்லை, கெட்ட இலக்குத்தான் இருந்தது. கெதியாக, கனக்க வீடு. அந்த இலக்கை எந்தக் கணினிக்குக் கொடுத்திருந்தாலும் அதுவும் இரும்பு வீட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கும். இலக்கைத் தீர்மானித்தவர்கள் யாரும் அந்தக் கூரைக்குக் கீழே படுக்கப் போகிறவர்கள் இல்லை.

மண் வீட்டுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது, இன்னும் கூடுதலாக. "சூழலுக்கு நல்லது" என்று கொழும்பில் யாரோ எழுதி, மன்னாரில் வீட்டுத்திட்டம் கேட்டு நிற்கிற குடும்பத்துக்கு மண் கல்லை நீட்டினால், அந்தக் குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்கும்? இங்கே மண் வீடு என்பது தெரிவு செய்த அழகியல் இல்லை, வேறு வழியில்லாத வருடங்களின் பெயர். யுத்தத்தில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து வரிச்சுச் சுவரிலும் தகரத்திலும் இருந்த சனம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்துவிட்டு எருக்கலம்பிட்டிக்கும் முசலிக்கும் திரும்பி வந்த முஸ்லிம் சனம். இவர்களுக்குக் கல்வீடு என்றால் "இனி எழும்பி ஓடத் தேவையில்லை" என்று அர்த்தம். 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டபோதும் அடைவு வைத்தாவது வாங்கினார்கள். "மண் வீட்டுக்காரனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்று ஒரு அம்மா எங்களைக் கேட்டார். அதற்கு மெகாபஸ்காலில் பதில் இல்லை.

மழைப் பயமும் பொய்ப் பயம் இல்லை. 1964 மார்கழிப் புயலின் கதை தலைமன்னாரில் இன்னும் சொல்லப்படுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்து நாடு முழுக்க வெள்ளத்தில் கிடந்த பிறகு, மண் சுவர் என்று வாயைத் திறக்கவே தைரியம் வேண்டும். சும்மா குழைத்து வைத்த மண்ணும், சீமெந்தோ சுண்ணாம்போ சேர்த்து அழுத்திய கல்லும் ஒன்றில்லை என்று எவ்வளவு விளங்கப்படுத்தினாலும் சனம் கண்ணால் பார்த்தால்தான் நம்பும். இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த கல்லை அவர்கள் முன்னால் வெளியே எடுத்து உடைத்துக் காட்ட வேண்டும். அத்திவாரத்தையும் நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடியையும் கருங்கல்லிலோ சீமெந்திலோ கட்டி, கூரையை நன்றாக வெளியே இறக்க வேண்டும். உந்த விஷயங்கள் கலவைக் கணக்குக்குள் வராது.

ஆகவே எங்கட பரிந்துரை ஒன்று: மண் கல் முதலில் ஏழை வீட்டுக்குப் போகக்கூடாது. ஒரு பிரதேச செயலகக் கட்டடத்துக்குப் போகட்டும், நிறுவனக்காரரின் விடுதிக்கும் பல்கலைக்கழக மண்டபத்துக்கும் போகட்டும். கோட் போட்ட ஆட்கள் மூன்று மாரி அதற்குள் இருந்து காட்டட்டும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் யுத்தத்துக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களில் அழுத்திய மண் கல் பாவித்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது, அந்த வீடுகளில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கதைக்க வைக்கட்டும். பிறகு கேட்கலாம் மற்றவர்களிடம்.

எங்கே தோண்டுவது என்பது அடுத்த சிக்கல். "உள்ளூர் மண்" என்ற சொல்லுக்குள் ஒரு கிடங்கு ஒளிந்திருக்கிறது. தீவு கடல் மட்டத்திலிருந்து கொஞ்சம்தான் உயரம், கிணற்று நன்னீர் மணலுக்குள்தான் தங்கி நிற்கிறது. அங்கே கல்லரிய மணல் அள்ளுவதும் இல்மனைட்டுக்கு அள்ளுவதும் அளவில் மட்டும்தான் வேறு. பெருநிலத்தில் கிரவல் கிடங்குகள் ஏற்கெனவே காட்டுக்குள் வாய் பிளந்து கிடக்கின்றன. எங்களுக்குத் தெரிந்து ஓரளவு நியாயமான இடம், தூர்வாருகிற குளங்கள்தான். சிறு குளங்களின் அடியில் படிந்த வண்டலை எப்படியும் எடுக்க வேண்டும், எடுத்தால் தண்ணீர் கூட நிற்கும், எடுத்த மண்ணுக்கும் ஒரு வேலை கிடைக்கும். அந்த வண்டலைக் கல்லாக்கலாமா, எதைச் சேர்த்தால் ஆகும் என்று தேடுவது நல்ல ஆய்வுக் கேள்வி. முதலில் விவசாயிகளைக் கேட்க வேண்டும், வண்டல் அவர்களுக்கு உரம்.

மன்னாரில் மண் அள்ளுவதற்கு இன்னொரு கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. 2013 கடைசியில் திருக்கேதீச்சரத்துக்குக் கிட்ட தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. 2018 இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது திரும்பவும் வந்தன, முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவை எந்தக் காலத்தவை என்று காபன் பரிசோதனையும் வாக்குவாதமும் நடந்தன, காணாமல் போனவர்களின் அம்மாமார் குழியின் ஓரத்தில் நின்றார்கள். மாந்தையில் தோண்டினால் ஆயிரம் வருடத்துக்கு முந்திய துறைமுகம் வருகிறது. ஆய்வுகூட அட்டவணையில் மண்ணுக்குக் களி வீதம், ஈரப்பதன், அடர்த்தி என்று நிரல்கள் இருக்கும். எங்கிருந்து எடுத்தது, அங்கே யார் இருந்தார்கள், யாரிடம் கேட்டு எடுத்தது என்ற நிரல்களும் வேண்டும். கலைப்பீடத்துக்கு உங்களுக்கேன் உந்த வேலை என்று கேட்ட நண்பர்களுக்கு எங்கட பதில் இதுதான்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, மன்னாரிலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலத் தூரம். அங்கே கல் நொறுக்கவும் மொடல் எழுதவும் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மன்னாரில் மேசன்மார் இருக்கிறார்கள். நடுவில் நூறு இடத்து மண்ணின் அட்டவணை ஒன்றுதான் இல்லை. யே தன்னுடைய 1030 மாதிரிகளைப் பொதுவில் வைத்தபடியால்தான் அவரைத் தெரியாத பிள்ளைகளும் பல வருடமாக அதில் படிக்கிறார்கள். மன்னார் அட்டவணையும் அப்படிப் பொதுவில் இருக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், எந்த நிறுவனமும் வந்து பூட்டிவைக்க முடியாத மாதிரி. ஒவ்வொரு மண்ணுக்கும் போத்தில் சோதனை அளவு, மேசன் உருட்டிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு, உப்பு உண்டா இல்லையா, அதில் அரிந்த கல் நனைந்த பிறகு எவ்வளவு தாங்கியது, எல்லாம் ஒரே வரிசையில் வர வேண்டும். மேசனின் பெயரும் வர வேண்டும், அவர் விரும்பினால். அவருக்கு நாட்கூலியும் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கு உதவி செய்தவர் என்று பின் பக்கத்தில் நன்றி போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்களுக்கு வேண்டாம்.

எங்கட கூட்டில் இப்போதைக்கு ஏழு பேர் பெயர் தந்திருக்கிறோம். ஆளுக்கு ஐந்து போத்தில், தெரிந்த காணிகளில் மட்டும், சொந்தக்காரரிடம் கேட்டு. சிலாவத்துறைப் பக்கமும் மடுப் பக்கமும் ஆள் இல்லை, அங்கே வீடு இருக்கிறவர்கள் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னம் எடுத்தாக வேண்டும். நனைந்த பிறகு முருங்கன் களி மண்வெட்டியை விட்டுக் கழன்று வராது.